கல்தச்சர் கேட்ட கயிறு

"கயிறு வேணும். எங்கே கிடைக்கும்?"

வந்ததும் வராததுமாக இப்படித்தான் கேட்டார் தொரோமா. உட்காரச் சொல்லக்கூட அவகாசம் தரவில்லை.

மஹினா நிமிர்ந்து பார்த்தாள். கையில் ஒரு கல், கால்களுக்கு நடுவே ஒரு கல். ஒன்றால் மற்றதைத் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு கயிறு?"

"மூணு. ஒவ்வொண்ணும் நூறு முழம் நீளம். என் மணிக்கட்டுத் தடிமன்."

"எதைக் கட்டி இழுக்கப் போறீங்க?"

"எங்க மூதாதையை."

அவள் தலையாட்டினாள். கீழே இருந்த கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை உடைங்க," என்றாள்.

*

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். யார் இந்தத் தொரோமா, கல்லு மூதாதைக்கு எதற்குக் கயிறு என்று சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள்.

அது ஒரு தீவு. எந்தத் திசையில் படகு விட்டாலும் இருபது நாளுக்குத் தண்ணீர்தான். வேறு ஊர்க்காரன் என்று ஒருவன் இந்த உலகத்தில் இருக்கிறான் என்பதையே அந்த ஜனங்கள் மறந்து போயிருந்தார்கள்.

எந்தக் காலத்திலோ இரண்டு படகில் வந்து இறங்கியவர்கள். கோழி கொண்டுவந்தார்கள். வாழைக்கன்று கொண்டுவந்தார்கள். வள்ளிக்கிழங்குக் கொடி கொண்டுவந்தார்கள். கூப்பிடாமலே எலியும் கூட வந்தது.

அப்போது தீவு முழுக்கப் பனை. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பனை. வெட்டினார்கள், நட்டார்கள், பெருகினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார ஜனம். இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது, இழுக்க மாடு கிடையாது. கல்லை வைத்தே கல்லைச் செதுக்கினார்கள். செத்துப்போன பெரியவர்களை மலையிலிருந்து சிலையாக வெட்டி எடுத்தார்கள். மூன்று கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஓர் இழு, அந்தப் பக்கம் ஓர் இழு என்று அசைத்து அசைத்து, நின்ற கோலத்திலேயே கடற்கரை மேடை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். அடேயப்பா! கல்லு நடந்த ஊர் அது.

அப்புறம் மரம் தீர்ந்தது.

யாரும் ஒரே நாளில் வெட்டித் தீர்க்கவில்லை. தாத்தா கொஞ்சம் வெட்டினார், அப்பா கொஞ்சம் வெட்டினார். முளைக்க வேண்டிய கொட்டையை எலி தின்றது. கடைசியில் கயிறு திரிக்க நாரில்லை, மீன்பிடிக்கப் படகில்லை, காற்றை மறிக்க ஒரு மரமில்லை. உப்புக்காற்று நேரே வயலுக்குள் புகுந்து மண்ணை அள்ளிக்கொண்டு போயிற்று.

தொரோமா, கிழக்குக் கூட்டத்தின் கல்தச்சர். அறுபதை நெருங்கியவர். அந்தக் கூட்டத்தில் தலைவருக்கு அடுத்த வார்த்தை அவருடையது.

வயலில் ஒரு கல் கிடந்தாலும் அந்த வீட்டுக்கே அவமானம் என்று சொல்லி, முப்பது வருஷமாக எல்லோரையும் கல் பொறுக்க வைத்தவர் அவர்தான். பொறுக்கிய கல்லெல்லாம் மேடையின் வயிற்றுக்குள் போனது. வயல்கள் வழித்துவிட்ட சட்டி மாதிரி சுத்தமாக இருந்தன.

விளைச்சல் குறையக் குறைய, அவர் சிலையின் அளவைக் கூட்டினார். கடைசியாகச் செதுக்கியது பன்னிரண்டு ஆள் உயரம். மலையிலேயே மல்லாந்து கிடக்கிறது. முதுகை மட்டும் பாறையிலிருந்து விடுவித்துவிட்டால் போதும், எழுப்பி நடத்தலாம். எரிமலை ஏரியில் வளரும் கோரையில் கயிறு திரித்துப் பார்த்தார்கள். முறுக்கி இறுக்கும்போதே அறுந்தது.

கூட்டத்தில் நாற்பது வீடு. நாற்பதிலும் பசி.

மேற்குக் கூட்டத்திடம் ஒரு சுனை இருந்தது. அவர்கள் வயலும் காய்ந்துகொண்டுதான் வந்தது, ஆனால் வீம்புக்குக் குறைவில்லை. ஆள் அனுப்பினார்கள். 'எங்களிடம் வந்து எங்கள் நிலத்தைக் கொத்துங்கள். கிழங்கு தருகிறோம். உங்கள் கூட்டத்தின் பெயரை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பிள்ளைகள் இனி எங்கள் மூதாதையைத்தான் மூதாதை என்று கூப்பிட வேண்டும்.'

கடல்பறவைகள் அடுத்த தடவை முட்டையிட வரும்வரைக்கும் தவணை.

தொரோமா சபையில் எழுந்து மார்பில் தட்டிச் சொன்னார். "என் மூதாதை மேடை ஏறட்டும். நிலம் விளையும். ஒரு வீடும் போகாது. இது என் வாக்கு!"

வாக்கு கொடுத்தாகிவிட்டது. கயிறு?

மலையடியில் மஹினா என்று ஒருத்தி தனியாக இருந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். வயது முப்பது இருக்கும். ஊரில் அவளுக்குக் கல்லுப் பைத்தியம் என்று பெயர். ஆனால் ஊரே மெலிந்தபோது அவள் மட்டும் மெலியவில்லை. "அவளுக்கு ஏதோ தெரியும், போய்க் கேள்" என்று கூட்டத் தலைவர் பாத்தேராதான் தொரோமாவைத் தள்ளிவிட்டார்.

மகள் வயதுப் பெண்ணிடம் போய் நிற்பதா என்று தொரோமாவுக்கு மூக்கு விடைத்தது. ஆனாலும் வந்தார்.

வந்த இடத்தில்தான் கையில் ஒரு கல்.

*

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"மலையையே செதுக்கினவன் நான். என் கையில குண்டுக்கல்லைக் கொடுத்து உடைக்கச் சொல்றியா?"

"உங்களுக்கு உடைக்கத் தெரியுமேன்னுதான் கொடுத்தேன்."

தொரோமா கல்லைக் கீழே போட்டார்.

"கயிறு உண்டா, இல்லையா?"

"இல்லை."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

விறுட்டென்று திரும்பினார்.

"பெரியவரே, வெறும் வயித்தோட போகாதீங்க," என்று பின்னாலேயே வந்து, சுட்ட வள்ளிக்கிழங்கு ஒன்றை இலையில் வைத்துக் கொடுத்தாள் மஹினா.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயில் எச்சில் ஊறிவிட்டது. வாங்கிக்கொண்டார்.

தின்றுகொண்டே நடந்தார். திட்டிக்கொண்டே தின்றார். கல்லுப் பைத்தியம், திமிர் பிடித்தவள், இவளை நம்பி வந்தேனே.

பாதி வழியில் சட்டென்று நின்றார்.

வயிறு நிறைந்துவிட்டது. கையில் இன்னும் பாதிக் கிழங்கு இருந்தது.

அவர் வயலில் அந்த வருஷம் விளைந்த கிழங்கு கட்டைவிரல் பருமன்தான். இது முழங்கை நீளம். இவ்வளவு நேரம் கயிறு கயிறு என்று புலம்பியதில் கையில் இருந்தது என்னவென்று அவருக்கு உறைக்கவே இல்லை.

வந்த வழியே ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்.

"இது எங்கே விளைஞ்சது?"

மஹினா தலையைத் தூக்கவில்லை. "நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல."

கீழே பார்த்தார். எங்கும் உடைத்த கல். கைப்பிடி கைப்பிடியாகக் கல். மண் கண்ணுக்கே தெரியவில்லை. கல்லுக்கு நடுவே பச்சைப் பசேலென்று கொடி.

"கல்லுக்குள்ளயா?"

அவள் பழைய கல்லையே எடுத்து நீட்டினாள்.

"இதை உடைங்க."

இந்தத் தடவை தொரோமா உட்கார்ந்தார்.

*

"பெரிசு. இன்னும் சின்னதா உடைங்க."

"இது?"

"பொடியாக்கிட்டீங்க. பொடி காத்துல போயிடும்."

முப்பது வருஷம் கல்தச்சர். ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கல் உடைக்கச் சொல்லிக்கொடுத்தாள். கேட்டிருந்தால் அவருடைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

"எதுக்கு உடைக்கிறோம்னு சொல்லேன்."

"உடைங்க."

"கல்லு எப்படிம்மா கிழங்கு தரும்?"

"கையை நிறுத்தாதீங்க."

எட்டு நாள் இப்படியே ஓடியது. காலையில் வருவார், உடைப்பார், ஒரு கிழங்கு தின்பார், முனகிக்கொண்டே போவார். உள்ளங்கை காய்த்தது. அந்தக் கைக்குப் புதிதாகக் காய்க்க இடமிருந்ததே ஆச்சரியம்.

ஒன்பதாம் நாள் உச்சி வெயில். மழை பெய்து ஒரு மாதமாகிவிட்டது. கல்லின் மேல் கால் வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது.

"கையை உள்ளே விடுங்க," என்றாள் மஹினா.

"எங்கே?"

"கல்லுக்கு அடியில."

மேல் கல்லை விலக்கினார். அதன் கீழ் இன்னொரு கல். அதையும் விலக்கிக் கையை நுழைத்தார்.

குளிர்ந்தது.

விரலை ஆழமாக விட்டார். ஈரம். கறுப்பு மண் நகக்கண்ணில் ஒட்டியது. ஒரு மண்புழு அவர் சுண்டுவிரலைத் தொட்டுவிட்டு நெளிந்து போனது.

அவர் கையை எடுக்கவில்லை.

"எங்க வயல்ல இருந்த கல்லையெல்லாம் பொறுக்கி எடுக்கச் சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான்."

"தெரியும்னு சொன்னேனே, பெரியவரே."

தொரோமாவுக்கு அழுகை வந்தது. அழுதார். வெட்கப்படவில்லை. அவளும் ஆறுதல் சொல்லவில்லை, அடுத்த கல்லை எடுத்தாள்.

*

மறுநாள் காலை கிழக்குக் கூட்டம் முழுக்க மேடைக்கு ஓடி வந்தது. தொரோமா நீளமான கல் ஒன்றை வைத்து மேடையின் மூலைக்கல்லை நெம்பிக்கொண்டிருந்தார்.

"தொரோமா!" கூட்டத் தலைவர் பாத்தேரா கத்தினார். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து சேர்ந்து திரிந்தவர்கள். "உனக்கென்ன புத்தி பிசகிப் போச்சா? உன் கையால கட்டின மேடைடா!"

"அதனாலதான் என் கையால பிரிக்கிறேன்."

"மூதாதை எங்கே நிப்பார்?"

"அவர் படுத்தே இருக்கட்டும். அவசரமில்லை."

"வாக்கு கொடுத்தியே!"

"ஒரு வீடும் போகாதுன்னுதானே கொடுத்தேன்? அதுக்குத்தான் பிரிக்கிறேன்."

இரண்டு வாலிபர்கள் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் மூலைக்கல் புரண்டது. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

"பாத்தேரா, அந்தப் பள்ளத்துல இறங்கி நில்லு," என்றார் தொரோமா. "அப்புறம் என்னைக் கடல்ல தள்ளு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பாத்தேரா வெறுங்காலோடு இறங்கினார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். கணுக்கால் வரை சேறு.

ஒரு மாதமாக மழை இல்லை. சுற்றிலும் அவர்களுடைய வயல்கள் புழுதியாகப் பறந்துகொண்டிருந்தன. இங்கே சேறு!

"முப்பது வருஷம் கல்லு மூடிக்கிடந்த மண்ணு," என்றார் தொரோமா. "நம்ம வயல்லயும் இந்தக் கல்லுதான் கிடந்துச்சு. நான்தான் திருடிட்டேன். திருப்பித் தர விடு."

பாத்தேரா பள்ளத்திலிருந்து ஏறவில்லை. நின்றபடியே அந்த இரண்டு வாலிபர்களைப் பார்த்தார்.

"அவர் தோளை விடுங்கடா. கல்லைத் தூக்குங்க."

*

அதற்கப்புறம் அந்தக் கூட்டம் செய்த வேலையை நான் சொல்லிக்கொண்டே போகலாம், உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்.

சிலையை நடத்துவதற்கென்று ஒரு பாட்டு உண்டு. 'அசை, அசை, ஐயா அசை' என்று ஒரு பக்கம் பாட, மறுபக்கம் இழுக்கும். பல வருஷமாக யாரும் பாடவில்லை. இப்போது கல் சுமக்கிறவர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். கிழவிகள் சுமந்தார்கள், பிள்ளைத்தாச்சிகள் வேண்டாம் என்று சொல்லியும் சுமந்தார்கள். மேடை இறங்க இறங்க வயல் ஏறியது. தொரோமா வயல் வயலாக நடந்து, "பெரிசு, இன்னும் சின்னதா உடை!" என்று எல்லோர் உயிரையும் வாங்கினார்.

மழை வந்தது. கொடி பிடித்தது. காற்று வந்து பார்த்தது, கல்லுக்கு அடியில் இருந்த மண்ணை அதனால் தொட முடியவில்லை.

அறுவடை அன்று முதல் கிழங்கைப் பாத்தேராவின் மனைவி தோண்டினாள். தோண்டியவள் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறி ஓடின. இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். ஊரே ஆர்ப்பரித்தது. இருபது வருஷமாக அந்தக் கூட்டத்து வயலில் யாரும் அப்படி ஒரு கிழங்கைப் பார்த்ததில்லை.

எல்லோரும் ஆடினார்கள். தொரோமாவும் ஆடினார். முட்டி வலியோடு ஆடினார்.

மறுநாள்தான் கணக்குப் புரிந்தது.

மேடைக் கல் பதினைந்து வயலுக்குத்தான் வந்திருந்தது. மிச்சம் இருபத்தைந்து வயல் இன்னும் வழித்த சட்டிதான். பதினைந்து வயலின் கிழங்கை நாற்பது வீடு பங்கு போட்டால் எல்லோருக்கும் பட்டினி.

அன்று காலையிலேயே கடலோரப் பாறையில் முதல் பறவைகள் வந்து இறங்கின.

"பதினஞ்சு வீடு இருக்கலாம்," என்றார் பாத்தேரா. "இருபத்தஞ்சு வீடு மேற்கே போகணும்."

"இன்னும் கல்லு உடைப்போம்."

"மலைப்பாறையை வெட்டி, சுமந்து, உடைச்சு, இருபத்தஞ்சு வயலுக்கா? பத்து வருஷம் ஆகும் தொரோமா. மேற்குக்காரன் நாளைக்கு வருவான்."

தொரோமா எழுந்தார்.

"போற வீட்டுல முதல்ல என் வீட்டைச் சொல்லு," என்றார்.

*

மஹினாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார்.

அவள் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கீழே, கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"அம்மா, பதினஞ்சு வயலைக் காப்பாத்திட்டே. உன் பேரைச் சொல்லி அவங்க பிழைச்சுக்குவாங்க."

"மத்த வீடுகள்?"

"நாளைக்குப் போறோம். பேரை விட்டுட்டு."

அவள் கை நின்றது.

"நாங்க போறோமேன்னு வருத்தப்படாதே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இதை உனக்கு யார் கத்துக்கொடுத்தா? அந்த ஆசானைக் கும்பிட்டுட்டுப் போறேன்."

எப்போதும் நறுக்கென்று பேசுகிற மஹினா, முதல் தடவையாகப் பயந்து போய் நின்றாள். தொரோமாவுக்கே அது வினோதமாக இருந்தது.

"சொன்னா என்னைக் கடல்ல தள்ளுவீங்க," என்றாள்.

"யாரு?"

"நீங்கதான். உங்க சட்டம்."

"என்னம்மா உளர்றே?"

அவள் கொடியைக் கீழே போட்டாள். மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவர் பின்னாலேயே போனார்.

ஏறினார்கள். சிலை வெட்டும் மலை அது. பன்னிரண்டு ஆள் உயர மூதாதை வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மஹினா அவரைத் தாண்டிப் போனாள். பின்பக்கச் சரிவின் விளிம்பில் போய் நின்றாள்.

தொரோமா தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"மஹினா! அங்க போகாதே! விலக்கு!"

ஆமாம், விலக்கு. செதுக்கும்போது மூதாதையின் உடம்பிலிருந்து விழுகிற கல்செதில் மூதாதைக்கே சொந்தம். செதுக்குகிறவன் அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவான், திரும்பிப் பார்க்கமாட்டான். அந்தச் சரிவில் கால் வைத்தால் கடல்தான் தண்டனை. கல்தச்சரின் கொள்ளுத்தாத்தா போட்ட விலக்கு. காத்துவருவது கல்தச்சர்.

மஹினா சரிவில் கால் வைத்தாள்.

"அடிப் பாவி!"

"ஏழு வயசுல பசியில இங்கதான் வந்தேன். செத்தாலும் பரவாயில்லைன்னு வந்தேன்." அவள் திரும்பி நின்றாள். "என்னைக் கும்பிட வேணாம். வந்து பாருங்க. அப்புறம் தள்ளுறதா இருந்தா தள்ளுங்க."

முப்பது வருஷம் இந்த விளிம்புக்கு முதுகைக் காட்டியே வேலை செய்தவர் தொரோமா. பழக்கம் போல முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு இருபத்தைந்து வீட்டையும் ஒருமுறை நினைத்து விளிம்புக்கு வந்தார்.

திரும்பிப் பார்த்தார்.

சரிவு முழுக்கச் செதில். அவர் அப்பா செதுக்கியது, தாத்தா செதுக்கியது, அதற்கும் முன்னால் பெயர் தெரியாதவர்கள் செதுக்கியது. கைப்பிடி கைப்பிடியாக உடைந்த கல், மலை அடிவாரம் வரைக்கும்.

அதற்கு மேலே, இடுப்பு உயரத்துக்கு, வள்ளிக்கொடி.

"யார் நட்டது?"

"யாரும் நடலை. உங்க ஆளுங்க மேலே உட்கார்ந்து சாப்பிடுவாங்க. கிழங்கு நுனியையும் சேர்த்துப் பின்னால வீசுவாங்க. யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. தோண்டினா அடுத்த விளைச்சல் வரைக்கும் எல்லா வீட்டுக்கும் கிழங்கு இருக்கு."

தொரோமா ஒரு காலை எடுத்து வைத்தார். செதில் சரசரவென்று சரிந்தது. இன்னொரு காலையும் வைத்தார். வானம் இடியவில்லை.

குனிந்து ஒரு செதிலை எடுத்தார். புரட்டிப் பார்த்தார்.

"இது அவர் காதுமடல்," என்றார் மெல்ல. "இந்த வளைவுக்கு நாலு நாள் உட்கார்ந்தேன்." இன்னொன்றை எடுத்தார். "இது தாடை. இது அப்பாவோட உளி பட்டது. அப்பாவோட வெட்டு இப்படித்தான் சாயும்."

சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, இருபத்தைந்து வயலையும் தாண்டி மேற்கு வயல்களையும் எண்ணியிருப்பார். பெரிதாகச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் சரிவிலிருந்த பறவைகள் எழுந்து பறந்தன.

"ஏன் இத்தனை நாள் சொல்லலை, பாவி மகளே?"

"நான் சொன்னா அது குத்தம்," என்றாள் மஹினா. "நீங்க சொன்னா?"

தொரோமா விளிம்பில் ஏறி நின்றார். கீழே கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"பாத்தேரா! கட்டினதை அவிழ்க்கச் சொல்லு! கூடை கொண்டு வா!"

கீழேயிருந்து பாத்தேராவின் குரல் வந்தது. "எங்கே நிக்கிறே நீ? அது விலக்குடா!"

"நேத்து வரைக்கும்!"

கீழே யாரோ ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

"எத்தனை கூடை?"

"இருக்கிற எல்லாம்!"

"நம்மகிட்ட அறுபதுதான் இருக்கு!"

தொரோமா திரும்பி அந்தச் சரிவை இன்னொரு தடவை பார்த்தார்.

"மேற்குக்காரன்கிட்ட எத்தனை இருக்குன்னு கேளு!"